திமிங்கிலத்துக்கு முன்னால் என் முதுகு

அன்று அமீரகத்தின் புஜைராவிலிருந்து கிளம்பிய படகில் மூன்றே பேர்: படகோட்டும் சேட்டன், படம் எடுக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர், கயிறு பிடிக்கிற நான். என் விசா ஒரு மளிகைக்கடையில். லீவு நாளில் படகு வேலைக்குப் போவது விசா கொடுத்த கடை முதலாளியான கபீலுக்குத் தெரிந்தால் விசாவை கேன்சல் செய்துவிடுவார்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒல்லி, வெள்ளைத் தாடி. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அளப்பார். தூரத்தில் திமிங்கிலம் முதுகு காட்டியதும், “தம்பி, முன்னுக்குப் போய் நில்லும்” என்றார்.

“படமெல்லாம் வேணாம்ணே.”

போனில் ஒரு பனிமலைப் படத்தைக் காட்டினார்; மலையடியில் ஒரு சின்னப் படகு. “அடியில இந்தப் படகு இல்லையெண்டால் இது சர்பத்துக்குப் போடுற ஐஸ்கட்டி. ஆள் நிண்டாத்தான் அளவு தெரியும்.”

“கபீல் பார்த்தா கலாஸ்ணே!”

என்னையே கொஞ்சம் பார்த்தார். “எனக்கு முகம் வேண்டாம். முதுகு போதும்.”

நின்றேன். கரையில் அவர் கார் போன பிறகுதான் உறைத்தது: என் டீ-சர்ட் முதுகில் கடைப் பெயர், கொட்டை எழுத்தில்.

மூன்று வாரம் கபீல் கடைக்கு வரும்போதெல்லாம் குடோனுக்குள் ஒளிந்தேன். பிறகு யார் யாரோ கைமாற்றி அனுப்பி, சேட்டன் போனுக்குப் படம் வந்தது. வெயிலுக்கு எதிரே நான் தீக்குச்சி அளவு நிழல். ஓர் எழுத்தும் தெரியவில்லை. பெயரைப் பார்த்துத்தான் அப்படி எடுத்தாரா, வெளிச்சம் அப்படி அமைந்ததா? அவரிடம் கேட்க வழியில்லை.

இப்போதும் டீ-சர்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டுதான் படகேறுகிறேன்.