அண்ணாச்சி கையால் மாட்டிய கிராபிக்ஸ் கார்டு

பவர் பட்டனை அழுத்தினேன். உள்ளே ஃபேன் சுற்றியது, கீபோர்டில் விளக்கு எரிந்தது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நின்றது. 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னக் கட்டம் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷமாக சிஸ்டம் சர்வீஸ் பார்த்தாலும் அந்தக் கட்டம் எனக்குப் பழகவே இல்லை.

இடம் சிவகாசியில் ஒரு காலண்டர் ஆபீஸ். ஆடிப் பதினெட்டு நெருங்கிவிட்டது. அன்றைக்குத்தான் இங்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஏஜென்ட்டுகள் ஆர்டர் தருவார்கள். ஆடி பிறந்துவிட்டால் இந்த ஊரில் யாரும் நின்று பேசமாட்டார்கள். எனக்கு எல்லா மாசமும் ஆடிதான். ஓரிடத்தில் என் கால் தரிக்காது.

அந்த ஆபீஸின் டிசைனர் பாண்டிச்செல்வி. பெற்றவர்கள் இருவரும் அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஆல்பத்துக்கு அவள் போட்ட தங்க ஜரிகை டிசைன் புது சாஃப்ட்வேரில் செய்தது. பழைய கிராபிக்ஸ் கார்டில் அது திறந்து ஒரு படம் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். கடைசியில் திறப்பதே நின்றுபோனது. முதலாளி அண்ணாச்சி, "டிசைன மதுரையில குடுத்துருவோம், இங்கன எதுக்கு இந்த ரோதனை?" என்றார். செல்விதான் மல்லுக்கு நின்று, கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்று என்னை வரவழைத்தாள்.

"இது சரிப்படலேன்னா நானும் நாளைக்குப் பட்டாசுக் கம்பெனி வேன்லதான் ஏறணும்ணே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய சிஸ்டத்துக்கு கார்டு வாங்குவதில் விஷயம் இருக்கிறது. பெரிய கார்டுக்கு, கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக ஒரு பவர் ஒயர் வேண்டும். இந்தப் பெட்டியில் அது கிடையாது. அதனால் கார்டு மாட்டுகிற ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்னக் கார்டாகப் பார்த்து வாங்கி வந்திருந்தேன். பெட்டியைத் திறந்து தூசி ஊதி, பழைய கார்டைக் கழற்றி வைத்தேன். அந்த நேரம் போன் வந்தது. உட்கார்ந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லையே, பேசிக்கொண்டே வாசல் வரை போய்விட்டேன்.

திரும்பி வந்தால் அறை முழுக்கச் சூட வாசனை. "நல்ல நேரம் முடியப் போகுது, அதான் நானே மாட்டிட்டேன்" என்றார் அண்ணாச்சி. இங்கே புது மிஷின் வந்தால் முதல் ஷீட்டை முதலாளிதான் ஓட்டுவார். அதே முறையைக் கார்டுக்கும் செய்துவிட்டார். கார்டின் ஃபேன் மூடி மேல் சந்தனம், குங்குமம். அழுத்திப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூவை முடுக்கி ஆன் செய்தேன். அப்புறம்தான் அந்த 'நோ சிக்னல்'.

கேபிளை மாற்றினேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். புதுக் கார்டை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டால் அதுவும் வரவில்லை! இதற்கிடையில் அண்ணாச்சிக்கு நாகர்கோவில் ஏஜென்ட்டிடமிருந்து போன். "சாத்தூர் தாண்டியாச்சு அண்ணாச்சி, ஆல்பத்தப் பாத்துட்டுத்தான் சாப்பாடு." அந்த ஏஜென்ட் டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து, முருகன் படத்தைத் தள்ளு, கடைப் பேரைப் பெருசாக்கு என்று திரையிலேயே திருத்தம் சொல்கிற ஆள். அவரிடம் கறுப்புத் திரையைக் காட்ட முடியாது.

"நாந்தான் அப்பமே சொன்னேன்ல. சும்மா கெடந்த சிஸ்டத்தக் கெடுத்துட்டாளே" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி மதுரைக்காரர் நம்பரைத் தேடினார். எனக்கு அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது.

கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டின் சொந்த வாயில் சொருகினேன். திரை வந்தது. போர்டு உயிரோடுதான் இருக்கிறது! ஆனால் கார்டு இல்லாமல் அந்த சாஃப்ட்வேர் திறக்காது. அப்படியானால் கோளாறு ஸ்லாட்டில். டார்ச் அடித்துக் குனிந்தேன். கார்டு உட்காருகிற பள்ளத்துக்குள் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. கார்டின் பல்லிலும் அதே மஞ்சள். மோந்து பார்த்தேன். சந்தனம்.

செல்வியும் எட்டிப் பார்த்தாள். "அடியாத்தீ! நான் சூடத்தட்டோட பின்னால நின்னேன். அவுக முதுகு மறைச்சிருச்சு, எங்கெங்க பொட்டு வச்சாகன்னு தெரியல" என்றாள் மெதுவாக.

அண்ணாச்சி திரும்பினார். "என்னப்பா, என்னது?"

தூசி என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது. பெரிய இடத்துப் பூஜையில் நாம் ஏன் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்? 'தூ' என்று என் வாய் குவிந்ததுமே செல்வி கண்டுகொண்டாள். "தூசின்னு சொல்லிராதீகண்ணே. சிஸ்டத்தச் சுத்தமா வைக்கலேன்னு அதுவும் என் தலையிலதான் விழும்" என்று காதோரம் சொன்னாள்.

நான் நிமிர்ந்தேன். "அண்ணாச்சி, ஸ்லாட்டுக்குள்ள சந்தனம் போயிருக்கு. கார்ட மாட்டுறதுக்கு முன்ன நீங்க ஸ்லாட்டுக்கும் வச்ச பொட்டுதான். கார்டும் நல்ல கார்டு, போர்டும் நல்ல போர்டு. செல்வி மேல தப்பே இல்ல."

"சாமி காரியத்துலயா தப்புங்கிற?"

"சாமி காரியம் சரிதான். வச்ச இடந்தான் தப்பு."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, மிஷின் செக்‌ஷனிலிருந்து ஐபிஏ கொண்டுவரச் சொன்னேன். ஆஃப்செட் மிஷினின் தண்ணீரில் கலக்கிற ஆல்கஹால் அது, சடுதியில் காய்ந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷை அதில் நனைத்து ஸ்லாட்டைத் தேய்த்தேன். கார்டின் பல்லை அழிரப்பரால் துடைத்தேன். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டிவிடக் கூடாதே என்று என் கையை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் சும்மா நின்றது என் வேலையில் அன்றைக்குத்தான்.

காய்ந்ததும் கார்டை மாட்டி, அதற்கான டிரைவர் சாஃப்ட்வேரைப் போட்டேன். திரையில் செல்வியின் தங்க ஜரிகை விரிந்தது. ஏஜென்ட் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல் முருகனைத் தள்ளச் சொன்னார். அவள் தள்ளினாள், படம் கையோடு நகர்ந்தது.

"அருமையா இருக்கே, மதுரையில குடுத்தீகளா?" என்று கேட்டார் ஏஜென்ட்.

"மதுரைக்கு எதுக்கு? நம்ம செல்வி போட்டது" என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் விட்டு, "காலையில நான் பண்ணுன கூத்துக்கு இந்தப் புள்ள அம்புட்டு ஏச்சு வாங்குச்சு" என்று அவராகவே சொன்னார். செல்வி திரையை விட்டுத் திரும்பவில்லை, காது மட்டும் சிவந்துவிட்டது.

அன்றிலிருந்து கோளாறைக் கண்டுபிடித்தால் எதனால் வந்தது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்ட தப்பு, அந்த அறையில் யாருக்குச் சம்பளம் குறைவோ அவர்கள் தலையில் போய் உட்காருகிறது.