பீரோ ஏற்றிய நீல லாரி

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. லாரிகள் நிற்கும் இடத்தில் எல்லாருக்கும் அவர் திருப்புளி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் திருகாணி முடுக்கும் திருப்புளி வைத்திருப்பார். யார் வீட்டுக்காவது போனால், அவர்கள் காபி கொண்டு வருவதற்குள் அவர்கள் வீட்டு மின்விசிறி இறங்கித் தரையில் கிடக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்கு வாக்கப்பட்டவள் நான்.

எங்களுடையது ஒரு பழைய நீல லாரி. மரச்சாமான் பட்டறையிலிருந்து பீரோ, கட்டில், சோபா எல்லாவற்றையும் நகரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது இவர் வேலை. அதே பட்டறையில் சோபாக்களுக்கு உறை தைப்பது என் வேலை. கடையில் இறக்கிய பிறகு உறை மாட்டிச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்பதால், சரக்கு போகும் நாட்களில் நானும் லாரியில் ஏறிவிடுவேன். வீட்டில் போடாத சண்டையெல்லாம் அந்த முன் இருக்கையில்தான் போட்டிருக்கிறோம்.

எங்கள் மகள் நகரத்தில் ஒரு வானொலி நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தாள். குரலே ஓடிவந்தவள் குரலாக இருந்தது.

"அப்பா, வர்ற திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு ரேடியோ போடுங்க. போக்குவரத்துச் செய்தி நான்தான் படிக்கிறேன். லைவ்!"

"எவ்வளவு நேரம்மா?"

"ரெண்டு நிமிஷம்ப்பா."

"ரெண்டு நிமிஷமா!" யாரோ இரண்டு ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டதைப் போல இவர் எழுந்தே நின்றுவிட்டார்.

சந்தோஷம் அடங்கிய பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை சரக்கு நாள். பத்து மணிக்கு நாங்கள் ரோட்டில் இருப்போம். எங்கள் லாரியில் ரேடியோ என்று ஒன்று இருந்தது உண்மைதான். ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் நடுவில் கிழிந்தது. அதில் ஆண் பேசினாலும் பெண் பேசினாலும் யாரோ பானைக்குள் தலையை விட்டு இருமுவது போலத்தான் கேட்கும்.

"போன்லயே கேட்டுக்கலாமே" என்றேன்.

"போன்ல தினமும்தான் பேசறா. ரேடியோல வர்றவ ரேடியோல வரணும். அதுவும் என் வண்டில வரணும்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எனக்கும் தெரியும். மகள் எழுத்துக் கற்றுக்கொண்டதே அந்த லாரியில்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வழியில் வரும் பலகையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வருவாள். 'மெதுவாகச் செல்லவும்', 'வளைவில் முந்தாதே'. படிப்பதோடு விடமாட்டாள். "அப்பா, மெதுவாப் போகச் சொல்லிருக்கில்ல?" என்று அதட்டுவாள். அப்படி அதட்டியவளுக்குத்தான் இப்போது அதட்டச் சம்பளம் கொடுக்கப் போகிறார்கள். அந்தக் குரலை அந்த லாரிக்குள் தெளிவாகக் கேட்க வேண்டும். அந்த வாரம் முழுக்க இவருக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆசை இருந்தால் போதுமா? "இன்ஜின் ஆயில் மாத்தற செலவு என்னவோ, அவ்வளவுதான் தருவேன். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. பேட்டரி வேற சாகக் கிடக்கு, அதுக்குச் சேர்த்து வைக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

"போதும், போதும்" என்று சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார்.

முதல் வேலைக்குக் காசே ஆகவில்லை. என்னை ஏற்றி உட்கார வைத்து இன்ஜினை ஓடவிட்டார். "எது எது கடகடன்னு ஆடுதோ, அது மேல கையை வை." கையை வைத்தால் சத்தம் நிற்கும், எடுத்தால் மறுபடி ஆடும். கதவு, கண்ணாடி, முன்பக்கப் பெட்டியின் மூடி என்று ஆடாத இடமே இல்லை. என் கைக்கு எட்டியதை எல்லாம் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். டாக்டரிடம் வலிக்கும் இடத்தைக் காட்டுகிறவளாகிவிட்டேன். பட்டறையில் வெட்டிப் போட்ட பஞ்சுத் துண்டுகளும் கம்பளித் துண்டுகளும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. முதலாளியம்மாவிடம் கேட்டு அள்ளி வந்து, கதவுகளுக்குள் அடைக்கும் அளவுக்கு மெத்தை மாதிரி தைத்துக் கொடுத்தேன். இவர் கதவைக் கழற்றி, அடைத்து, மாட்டினார். இரும்புத் தட்டு விழுந்த மாதிரி சாத்திக்கொண்டிருந்த கதவு 'தொப்' என்று சாத்தியது. எனக்கே ஆசையாகி நான்கு முறை சாத்திப் பார்த்தேன்.

அடுத்து ஸ்பீக்கர். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், இவர் கெட்டால் பழைய சாமான் கடை. உடைக்க வந்த பள்ளிக்கூடப் பேருந்து ஒன்றின் ஸ்பீக்கர் இரண்டு அங்கே கிடந்தன. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு இவர் திரும்பி நடக்க, அவர் கூப்பிட, இவர் வர, மறுபடி நடக்க, கடைசியில் அந்த மனுஷன் அலுத்துப்போய்க் கொடுத்தார். ஒன்றின் ஓரம் கிழிந்திருந்தது. மெல்லிய காகிதத்தில் பசை தடவி ஒட்டிக் காயவைத்தோம். கதவுக்கு ஒன்றாக மாட்டியாகிவிட்டது.

ரேடியோவைப் போட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரு ஸ்பீக்கர் இருந்தபோது கேட்டதில் பாதி கூட இப்போது கேட்கவில்லை. பாட்டில் 'தும் தும்' என்ற கனத்த சத்தமே இல்லை. பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. என் பின்னந்தலையில் ஒரு பாதி, வெளியே ரோட்டில் ஒரு பாதி. நடுவில் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அங்கே இன்னும் மோசம்.

"ஏமாத்திட்டான்! செத்த ஸ்பீக்கரைத் தலையில கட்டிட்டான்!" என்று இவர் குதித்தார். எனக்கும் அழுகையே வந்துவிட்டது. கொடுத்த காசு தீர்ந்துவிட்டது. நாளோ நெருங்கிவிட்டது.

சாப்பிடாமல் படுத்தவர் விடிந்ததும் டார்ச் லைட்டின் பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு லாரிக்கு ஓடினார். ரேடியோப் பக்கத்து வயர் நுனிகளில் பேட்டரியைத் தொட்டு, தொட்டு எடுத்தார். வலது ஸ்பீக்கரின் வயிறு வெளியே துள்ளியது. இடது ஸ்பீக்கரின் வயிறு உள்ளே போனது.

"அடியே, இங்க வா! வயரை ஒரு பக்கம் மாத்திக் குடுத்துட்டேன். இது வெளிய தள்ளும்போது அது உள்ள இழுக்குது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அமுக்குது!"

"நமக்குக் கல்யாணமான புதுசுல இருந்த மாதிரி" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இடது பக்கத்து வயர் இரண்டையும் இடம் மாற்றி முறுக்கினார். அவ்வளவுதான். திருப்புளிக்குக் கூட வேலையில்லை. ரேடியோவைப் போட்டதும் பாட்டு வந்து என் நெஞ்சில் இடித்தது! பாடுகிறவர் எங்கள் இருவருக்கும் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் கையைத் தட்டினேன். இவர் லாரியைச் சுற்றி ஒரு ஓட்டமே ஓடிவிட்டு வந்தார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும், இன்ஜினை அணைத்துவிட்டு இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்து கேட்பார். போகிறவர் வருகிறவரை எல்லாம் ஏற்றிக் கேட்க வைப்பார்.

ஒரே ஒரு குறை. இன்ஜின் ஓடும்போது பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்' என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் கூடவே ஏறும். வயரைப் பிரித்துத் தனியாக இழுத்துப் பார்த்தார், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அதை அடக்க ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களாம். விலையைக் கேட்டதும், "ஒய்யாரம் போதும், அது பாட்டுக்குக் கத்தட்டும்" என்று நான் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தது. பத்து மணிக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மைதானத்து மரத்தடியில் நிறுத்திக் கேட்பதாகத் திட்டம். பட்டறையில் நிலைக்கண்ணாடி வைத்த பீரோ ஒன்றை லாரியில் ஏற்றிக் கட்டி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. பாலத்தின் ஏற்றத்தில் ஏறும்போதே நேரம் நெருங்கிவிட்டது. ஏற்றத்தில் மிதித்தால்தானே வண்டி நகரும்? மிதிக்க மிதிக்க 'ஙொய்' உச்சத்துக்குப் போனது.

"இதுல எம் பொண்ணு குரல் கேக்கணுமா?" என்றார். பாலத்தின் உச்சியில், சமதளமான இடத்தில், ஓரமாக ஒதுக்கினார். "ரெண்டே நிமிஷம்" என்று இன்ஜினை அணைத்தார்.

என்ன ஒரு அமைதி! கதவுகள் மூடியிருந்தன, பஞ்சு தன் வேலையைச் செய்தது. ரேடியோவில் பத்து மணி அடித்தது.

"வணக்கம். காலை நேரப் போக்குவரத்துச் செய்திகள்."

நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சிறுவயதில் உட்கார்ந்த அதே இடத்தில், என் தோளுக்கும் அவர் தோளுக்கும் இடையில், மூச்சு இழுப்பது கூடக் கேட்கிற அளவுக்கு. ரயில்வே கேட் மூடியிருக்கிறது, சந்தைத் தெருவில் குழாய் வேலை நடக்கிறது, மெதுவாகச் செல்லவும். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாத்தாம்மா போறேன்" என்றார். நின்றுகொண்டிருந்த வண்டியில்! எனக்குக் கண்ணீர் வழிந்தது, பெருமை தாங்கவில்லை.

இரண்டு பாட்டுக்குப் பிறகு மறுபடி வருவதாகச் சொல்லி அவள் முடித்ததும் பாட்டு வந்தது. சாவியைத் திருப்பினார். 'டிக்'. மறுபடி திருப்பினார். 'டிக்'. சாகக் கிடந்த பேட்டரியின் உயிரைச் சாயங்காலம் சாயங்காலமாக உறிஞ்சிக் குடித்தாகிவிட்டது. ரேடியோவுக்குப் போதுகிற அளவு அதில் மிச்சம் இருந்தது, இன்ஜினைக் கிளப்புகிற அளவு இல்லை.

குறுகலான பாலம். பின்னால் ஹாரன்கள் தொடங்கின. எங்கள் பீரோவின் கண்ணாடி வெயிலை வாங்கிப் பின்னால் நிற்பவர்கள் கண்ணில் அடித்தது, அது வேறு. இவர் இறங்கிப் பேட்டரி முனைகளைத் திருப்புளியால் சுரண்டினார், தட்டினார், வந்து திருப்பினார். 'டிக்'.

"ரேடியோவையாவது அணைங்க!"

"ரெண்டு பாட்டு முடிஞ்சா மறுபடி அவ வருவாடி."

எங்களுக்குப் பின்னால் நின்ற பேருந்தின் ஓட்டுநர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஆள் ஆஜானுபாகு. "யோவ், வழியை அடைச்சு நிறுத்திட்டு பாட்டாய்யா கேக்குற?"

இவர் உதட்டில் விரலை வைத்தார். "உஷ். செய்தி வருது."

"ஆற்றுப் பாலத்தில் பீரோ ஏற்றிய நீல நிற லாரி ஒன்று பழுதாகி நிற்பதால் கடும் நெரிசல் ஏற்பட்டுள்ளது. லாரியின் ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்து வானொலி..."

குரல் நின்றது. பெற்றவளுக்குத் தெரியாதா? உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்குகிறாள்.

"...வானொலி கேட்டுக்கொண்டிருப்பதாக நேயர் ஒருவர் தொலைபேசியில் தெரிவிக்கிறார். அந்த ஓட்டுநரின் கவனத்துக்கு. முதலில் ரேடியோவை அணைக்கவும்."

அதே அதட்டல். பலகை படித்த நாளில் போட்ட அதே அதட்டல்.

"நம்ம வண்டி! நம்மளைப் பத்திச் சொல்றா!" என்று இவர் இருக்கையிலேயே குதித்தார். நான் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன், தட்டிவிட்டார். "அவ வணக்கம் சொல்லட்டும்."

"வாகன ஓட்டிகள் பொறுமை காக்கவும். வணக்கம்" என்றாள். அதன் பிறகுதான் அணைத்தார்.

பேருந்து ஓட்டுநர் ஜன்னலுக்குள் தலையை விட்டபடியே நின்றிருந்தார். சுருட்டிய சட்டைக்கை அவிழ்ந்து தொங்கியது.

"உங்க பொண்ணா?"

"எங்க பொண்ணு. இன்னிக்குத்தான் முதல் நாள்."

அவர் கதவைத் தட்டிப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். "குரல் கணீர்னு இருக்கே. என்ன ஸ்பீக்கருங்க இது?"

"அது ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸோடது. முதல்ல வயரை மாத்திக் குடுத்துட்டேன், அப்புறம்..."

"ஐயா சாமிகளா, முதல்ல தள்ளுங்க!" என்று நான் கத்தினேன்.

திட்ட வந்தவர்கள் எல்லாம் தோள் கொடுத்தார்கள். பீரோக்களோடு லாரி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பாலத்தின் இறக்கத்தில் மூக்கை நீட்டியது. அதன் பிறகு தானாக உருண்டது. இவர் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். ஒரு குலுக்கு, ஒரு இருமல், இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரே ஆரவாரம். பேருந்து ஓட்டுநர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

இறக்கம் முடிந்ததும் ரேடியோவைப் போட்டார். 'ஙொய்'யும் கூடவே வந்தது.

"ஆற்றுப் பாலத்தில் போக்குவரத்து சீரானது" என்றாள் மகள். "ஒத்துழைத்த ஓட்டுநருக்கு நன்றி."

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றார் இவர், இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த காலி இடத்தைப் பார்த்து. பிறகு சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து என் மடியில் போட்டார். "இந்தா, நீயே வச்சுக்க. இனிமே இந்த வண்டில நான் நோண்ட ஒண்ணும் இல்லை."

அடுத்த சிக்னல் வரைதான் அந்தப் பேச்சு நிலைத்தது. சிவப்பு விழுந்தது. என் பக்கம் கையை நீட்டினார்.

"அதைக் கொஞ்சம் குடேன். அந்த 'ஙொய்'யை மட்டும் பாத்துடறேன்."