நாற்பத்திரண்டு மஞ்சாடி

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, யாருக்கு எத்தனை சென்ட் நிலம், யார் மகன் வளைகுடாவில் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று யாராவது பேச்சைத் தொடங்கினால், நான் மெல்ல எழுந்து கை கழுவப் போய்விடுவேன். அசூயை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த விளையாட்டில் நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஜெயித்திருக்கிறேன். அது போதும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் உதியன்குளங்கரைக்குக் கிழக்கே, நடந்துபோகிற தூரம். எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் முழுக்கக் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த வருஷங்கள். எங்களுக்கு, அதாவது மூன்றாம் வகுப்புப் பெண்களுக்கு, அதைவிடப் பெரிய விவகாரம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற மஞ்சாடி மரத்தடியில் சிவப்பு விதைகளைப் பொறுக்கி, மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் வீட்டு ஆஸ்தியைக் கணக்குப் பார்ப்போம். ஒரு தெங்குக்கு, அதாவது தென்னைக்கு, ஒரு மஞ்சாடி. பசுவுக்கு ஐந்து, வெண்கல உருளிக்கு ஐந்து, ஓட்டு வீட்டுக்கு இருபது. யாருடைய குவியல் சிறியதோ அவள் எல்லோருடைய சிலேட்டையும் வீடு வரைக்கும் சுமக்க வேண்டும்.

தினமும் நான்தான் சுமந்தேன். ஏழு தெங்குக்கு ஏழு, அப்பாவின் தையல் மெஷினுக்கு ஐந்து. பன்னிரண்டைத் தாண்ட எனக்கு வழியில்லை. தங்கபாய்க்கு நாற்பது. "எட்டி, ஒனக்க அப்பாட்ட சொல்லி ஒரு பசுவாவது வேங்கப்பிடாதா?" என்று அவள் பரிவோடு கேட்பாள். அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கார்த்திகையில், தமிழ்ப் பள்ளி வாத்தியார் கூட்டத்தில் பேசினார் என்று போலீஸ் தேட, அவர் தலைமறைவானார். தலைமறைவானவர்களின் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்கிறார்கள் என்று பேச்சு. ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் வாத்தியார் மனைவி வைக்கோல் வண்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வைக்கோலுக்குள் இரண்டு உருளி, ஒரு பெரிய குத்துவிளக்கு, துணியில் முடிந்த பதக்கச் சங்கிலி. எங்களுக்கும் அவர்களுக்கும் சாதியும் வேறு, மதமும் வேறு. அதனால்தான் இங்கே தேட யாருக்கும் தோன்றாது என்று கொண்டுவந்திருந்தாள். அப்பா எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் வைத்துத் தைக்க வந்த துணிகளால் மூடினார்.

"இது வாத்தியாருக்க சாமானம்னு ஆரிட்டயும் மிண்டப்பிடாது, கேட்டியா மக்கா?" என்றார்.

மிண்டவில்லை. சத்தியமாக மிண்டவில்லை. மறுநாள் மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் இரண்டு உருளியும் ஒரு குத்துவிளக்கும் ஒரு பதக்கச் சங்கிலியும் இருப்பதாகத்தான் சொன்னேன். வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் எங்களைப் போலக் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவர்கள். குத்துவிளக்குக்கு எத்தனை மஞ்சாடி என்று யாருக்கும் தெரியவில்லை. நானே பத்து என்று விலை வைத்தேன். சங்கிலிக்கும் பத்து. மொத்தம் நாற்பத்திரண்டு.

"வேதக்காரங்க வீட்டுல ஏதுட்டி குத்துவிளக்கு? பச்சப் புளுகு" என்றாள் தங்கபாய்.

விடுவேனா? அம்மா குளத்துக்குப் போன நேரம் பார்த்து அவளைக் கூட்டிவந்து துணியை விலக்கிக் காட்டினேன். விளக்கின் உச்சியில் கழுத்து வளைந்த ஓர் அன்னம் உண்டு. அதை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். புளுகு என்று சொன்னதற்குத் தண்டனையாக அன்றைக்கு அவள் என் சிலேட்டைச் சுமந்தாள். அடேயப்பா, அந்த நடை! இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தங்கபாய் வீட்டில் போய்ச் சொன்னாள். அன்னம் வைத்த விளக்கு யார் வீட்டுடையது என்று ஊருக்கே தெரியும். அது நடந்து இரண்டாம் நாள், பஸ்ஸை விட்டு இறங்கிய வாத்தியாரை உதியன்குளங்கரையில் போலீஸ் பிடித்தது. அவர் எப்படி அகப்பட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. தையல்காரன் வாத்தியாரைக் காட்டிக்கொடுத்தான், அதற்குக் கூலியாக அவர் வீட்டுச் சாமான் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அப்பா பாய் விரித்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். மறுநாள் எங்கள் கதவில் கரியால் முப்பது என்று யாரோ எழுதியிருந்தார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசு வாங்கிய கதையை நான் ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்தவள். இருந்தும் அது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா ஈரத்துணியால் துடைத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதம் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது, அவ்வளவு புதுத்துணி வந்து குவியும். அந்த வருஷம் கொடுத்திருந்த துணியையும் தைக்காமலே திரும்ப வாங்கிப் போனார்கள். கட்டிலுக்கு அடியில் உருளிகளை மூடத் துணி போதவில்லை. அம்மா தன் சேலையைப் போட்டு மூடினாள்.

"ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லப்பிடாதா?" என்று அம்மா அழுதாள்.

"ஒருத்தரிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரியாக்கும். போலீஸ் வந்து அள்ளிட்டுப் போவான். வாத்தியாரும் ஜெயில்ல. அந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருக்கியதே இதாக்கும்" என்றார் அப்பா. 

எல்லை ஒருவழியாகத் தீர்மானமானது. பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு தமிழ்நாட்டோடு போயிற்று, நாங்கள் மலையாளப் பக்கம் நின்றுபோனோம். ஜெயிலிலிருந்து வந்த வாத்தியார் குடும்பத்தோடு விளவங்கோட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். வழக்கு தீராத பயத்தில் அவர் மனைவி மட்டும் ஒரு நாள் கோழி கூவும் நேரத்தில் வந்து சாமான்களை எடுத்துப் போனாள். போகும்போது அம்மாவின் கையை விடவே மாட்டேன் என்றாள். அதை யாரும் பார்க்கவில்லை. விளக்கு இல்லை என்று தெரிந்ததும், விற்றுத் தின்றுவிட்டான் என்றது ஊர்.

அப்பா அதே ஊரில் இன்னும் இருபது வருஷம் இருந்தார். பள்ளிக்கூடப் பைகளும் தலையணை உறைகளும் தைத்துப் பாறசாலைச் சந்தையில் விற்றுப் பிழைத்தார். நான் டீச்சர் வேலைக்குப் போனபின், ஊரைக் கூட்டி நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஒளிக்க அப்போது ஒன்றும் மிச்சமில்லை. சொன்னால் விளக்கைக் காட்டியது யார் என்றும் சொல்ல வேண்டுமே! அந்த வெட்கத்துக்குப் பயந்து இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க, தனுவச்சபுரத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் நான்கு பேர்தான் இருந்தார்கள். எனக்கு மன்னிப்புக் கிடையாது.

தைக்கத் துணி வராத அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பகலில் அப்பா வெறும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மக்கா, தங்கபாயிட்ட நீ விளக்கக் காட்டினியா?"

"வாத்தியாருக்கதுன்னு சொல்லல்லப்பா. நமக்கதுன்னுதான் சொன்னேன்."

பிறகு மஞ்சாடி விளையாட்டை முழுதாகச் சொன்னேன். தினமும் நான்தான் சிலேட்டு சுமந்தேன் என்பதையும் சொன்னேன். 

"ஒனக்கு எத்தன?"

"நாப்பத்திரண்டு."

"அவளுக்கு?"

"நாப்பது."

அப்பா சிரித்தார். "அப்ப எனக்க பிள்ள ஜெயிச்சாச்சு" என்று என் தலையில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. "இத அம்மாட்ட சொல்லாண்டாம்" என்றார்.

நான் ஜெயித்ததில் அப்பாவுக்குப் பெருமை, அம்மா கேட்டால் கண்பட்டுவிடும் என்று பயப்படுகிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடினேன்.