நாலு இதழ் முள்ளங்கிப் பூ

போன வாரம் ஒரு செடியைப் பிடுங்கினேன். இந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

தலைநகரின் துவாரகா பகுதியில் எங்கள் எதிர் ஃபிளாட் ஸ்டெல்லா. நாகர்கோவில்காரி, நர்ஸ். ஜனவரியில் அவள் கணவர் போய்விட்டார். நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு ஊருக்குக் கிளம்பியபோது சாவியை என்னிடம் கொடுத்தாள்.

“தொட்டிக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்கக்கா. போதும்.”

மட்டும் என்றால் மட்டும்தானே? எனக்குச் சும்மா இருக்கத் தெரியாத கை. பால்கனியைக் கழுவினேன். காய்ந்த இலைகளைக் கிள்ளினேன். ஒரு தொட்டியில் ஏதோ இடுப்புயரம் வளர்ந்து, தாறுமாறாகக் கிளைவிட்டு நின்றது. உச்சியில் வெளிர் ஊதாப் பூ, கீழே பச்சைப் பச்சையாகக் காய். களை என்று நானே முடிவுகட்டினேன். கட்டையாக முற்றியிருந்த வேரோடு இழுத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, அங்கே ஒரு சாமந்தியை நட்டேன். வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாளாம்...

வந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் பால்கனிக்குப் போனாள்.

“முள்ளங்கி எங்கக்கா?”

முள்ளங்கியா? சப்ஜி வண்டியில் வாங்கி, துருவி, பராத்தாவுக்குள் திணிப்பதோடு எனக்கும் அதற்கும் உறவு முடிந்தது. அது பூக்கும் என்று யார் கண்டது?

“நாலு இதழ், சிலுவை மாதிரி இருந்திருக்குமே. கடுகு, கோஸு, நூக்கோல் எல்லாம் ஒரே குடும்பம், அப்படித்தான் பூக்கும். அவியதான் காட்டித் தந்தாவ. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு, ‘இதைப் பிடுங்காத, வெதைக்கு விடு’ன்னு சொன்னாவ. அவிய கையால போட்டதுல்லா...”

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது நாலு இதழ் எங்கே இருந்தாலும் கண்ணில் படுகிறது. மண்டியில் கடுகுக் கீரைக் கட்டுக்குள் நாலைந்து மஞ்சள் பூ. பக்கத்திலேயே குவியலாக முள்ளங்கிப் பிஞ்சுக் காய் — மோங்கரே என்கிறார்கள், பொரியலுக்கு அருமையாம். முற்றிக் காய்ந்தால்தான் உள்ளே இருக்கும் விதை முளைக்குமாம். கடைக்கார பையா சொன்னார். படிப்பு எனக்கு, நஷ்டம் அவளுக்கு. உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

நேற்று எட்டிப் பார்த்தேன். சாமந்தியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நாலு வெதையாவது உதிர்ந்திருக்கும்லா அக்கா?”

“இருக்கும்மா” என்றேன்.

நேரில் உண்மை சொல்ல வாய் வரவில்லை. வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தை முதலில் படிப்பவள் அவள்தான்.

ஸ்டெல்லா, காயெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.