அப்பா கழுவிய தொட்டி

ஊருக்குப் போக விமான ரிக்கெற் போடலாம் என்று, இங்கே எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி எங்கள் ஊர்க் கடற்கரை ஹோட்டலின் படமொன்றைக் காட்டினான். வெள்ளைக் குளியல் தொட்டி.

"அண்ணை, அந்தக் காலத்திலை ஒரு பெரிய வெள்ளைக்கார ரொக் பாட்டுக்காரர் அங்கை நிண்டவராம். இந்தத் தொட்டிக்குள்ளை கிடந்துதான் பேர்போன பாட்டொண்டு எழுதினவராம்."

அந்த ஹோட்டலில் அறை துப்புரவாக்கியவர் என் அப்பா.

பாட்டுக்காரன் மூன்று நாள் குடித்து அந்தத் தொட்டிக்குள் எடுத்த வாந்தியை, அதில் ஊறிய சிகரெட் கட்டைகளோடும் இறால் கோதுகளோடும், அப்பா வெறுங்கையால் அள்ளினார். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தும் புளித்த நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. பாட்டுப் பைத்தியமான சித்தப்பா ஓடி வந்தார். "அண்ணை, அவரின்ரை தொட்டியைத் தொட்ட கையல்லே!" என்று அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா கையை உதறிவிட்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போனார். அதன் பிறகு ஒரு மாதம் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டார்.

"அந்த அறையையே போடட்டோ, அண்ணை? தொட்டிக்குள்ளை படுத்துப் படமும் எடுக்கலாம்," என்றான் கடைக்காரத் தம்பி.

"கழுவி வைச்சிருக்கினமோ?"

"சீச்சீ, அவர் விட்டிட்டுப் போனபடியே கிடக்காம். ஒருத்தரும் கை வைக்கேல்லையாம்."

"பொய்," என்றேன். "என்ரை அப்பா வைச்சவர்."