முதலாளி மேசையைச் சுற்றி நீம் நகரம்

1. குரல் சாப்பிடாது

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பயண ஏஜென்சிக்கு வேலை கேட்டுப் போனபோது முதலாளி சிவபாலன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, உம்மடை குரல் எப்பிடி?" என்பதுதான். அதே ஊரில் சுற்றுலாத் துறையில் மாஸ்டர்ஸ் முடித்திருந்தேன். சான்றிதழை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. மேசையில் கிடந்த ஒரு விமான டிக்கெட்டைத் தந்து, "இதை வாசியும்" என்றார். எத்தனை கிலோ சாமான் கொண்டுபோகலாம், கத்தி, கத்தரிக்கோல் கொண்டுபோகலாமா என்பதையெல்லாம் உரக்க வாசித்தேன்.

"நல்லாயிருக்கு. ரேடியோவிலை கதைக்கிற மாதிரி இருக்கு."

"தேங்க்யூ சார்."

"சார் கீர் ஒண்டும் வேண்டாம். அண்ணை எண்டு கூப்பிடும்."

அவர் திட்டம் இதுதான். நம் ஆட்களுக்குத் தெற்குப் பிரான்ஸின் பழைய நகரங்களைச் சுற்றிக் காட்ட வேண்டும், ஆனால் கூட கைடு போகக் கூடாது. "ஆளை அனுப்பினா அந்த ஆளுக்கு ட்ரெயின், அறை, சாப்பாடு எல்லாம் நாங்கள் பாக்கோணும். குரலை அனுப்பினா குரல் சாப்பிடாது" என்றார். அதாவது செல்ஃப் கைடட் வாக். தமிழில் பேசிப் பதிவுசெய்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுப் போனில் ஏற்றிவிடுவோம். வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே தாங்களாக நடந்துகொள்வார்கள்.

முதல் ஊராக நீம் நகரத்தை எடுத்தோம். ரோமர்கள் கட்டிய வட்ட அரங்கம் இன்றும் அங்கே அப்படியே நிற்கிறது. பனைபோல் ஒரு மரத்தில் கட்டிய முதலைதான் அந்த ஊரின் சின்னம். ரோட்டில் பதித்திருக்கும் பித்தளைக் குமிழ்களில்கூட முதலை இருக்கும். நான் போய் ஒரு காலைப்பொழுது முழுக்க நடந்து பார்த்து, நிழல் விழும் பக்கமாக வழி எழுதி, பேசிப் பதிவுசெய்தேன். எனக்கே என்மேல் ஒரு பெருமை.

அப்போது நான் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். மாணவர் விசா கார்டு முடியப்போகிற நேரம். நிரந்தர ஒப்பந்தம் கையில் இல்லாமல் விசா புதுப்பிக்கும் பொபினி பிரெபெக்சர் அலுவலக வாசலில் போய் நின்று பயனில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்குத்தான் போக வேண்டும். சிவபாலன் அண்ணனுக்கும் அது தெரியும்.

"முதல் குறூப் சந்தோசமாப் போய் வரட்டும், கையெழுத்து வைப்பம்" என்றார். "குறை சொல்லிக்கொண்டு வந்தினம் எண்டா, நீர் வேறை இடம் பாரும். என்னிலை கோவிக்கக் கூடாது."

2. சிகரெட் பிடித்த சிலை

முதல் குழு பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருந்து வந்த பத்துப் பேர். தலைவர் தவம் அண்ணன், ஒரு ரெஸ்டாரண்டில் சமையல்காரர். மனைவி புவனா அக்காதான் உண்மையான தலைவர். காலை ரயிலில் ஏறிப் போனார்கள். மதியத்துக்கு முன்பே கடையில் என் போன் அடித்தது.

"தங்கச்சி, தவம் கதைக்கிறன். மூண்டாம் நம்பரைப் போட்டுக் கேட்டுக்கொண்டு நிக்கிறம். நீங்கள் சொல்லுற சிலை அசையுது."

"அசையுதா?"

"ஓம். சிகரெட் பத்துது."

மூன்றாம் நம்பர், அரங்கத்துக்கு வெளியே நிற்கும் காளைச் சண்டை வீரரின் சிலை. 'இந்த வீரரின் முன் ஒரு நிமிடம் அமைதியாக நின்று, அவர் முகத்தைப் பாருங்கள்' என்று உருகி உருகிப் பேசியிருந்தேன். பத்துப் பேரும் சொன்னபடியே நின்று பார்த்திருக்கிறார்கள். யாரை? கஃபே வாசலில் நின்ற வெயிட்டரை.

"அவர் பயந்துபோய் உள்ளை போயிட்டார்" என்றார் தவம் அண்ணன்.

"அண்ணா, நீங்க எந்தப் பக்கமா சுத்துறீங்க?"

"இதென்ன கேள்வி? வலமாத்தான். உங்கடை குரல், அரங்கம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கட்டும் எண்டு சொல்லிச்சுது. புவனா சொன்னவ, சின்னப்பிள்ளைதானே, மாறிச் சொல்லிப்போட்டுது, நாங்கள் சரியாச் சுத்துவம் எண்டு."

நிழலைப் பார்த்து வழி எழுதிய நான் இதை யோசிக்கவே இல்லை. இடமாகச் சுற்றுவது இழவுக் காரியத்தில். நம் ஆள் எவருக்கும், பெரிய பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால், கால் தானாக வலப்பக்கம்தான் திரும்பும்.

"அது கோயில் இல்லைண்ணா. அந்தக் காலத்துல மனுசங்களைச் சண்டைக்கு விட்டுச் சாகடிச்ச இடம். திரும்பி வந்து மறுபடி ஆரம்பிச்சிருங்களேன்."

"செத்த ஆக்களின்ரை இடமோ? அப்ப இடமாச் சுத்தவே ஏலாது. செத்த ஆக்கள் ஆரும் எங்களோடை வந்திட்டா?"

போன் புவனா அக்கா கைக்கு மாறியது.

"பிள்ளை, நீர் எந்த ஊர்?"

"மதுரைக்கா."

"மதுரையிலை பிறந்துபோட்டு இடமாச் சுத்தச் சொல்லுறீர்" என்றார். என் அம்மா கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

3. முதலாளி அரங்கமானார்

சிவபாலன் அண்ணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "குறையோ?"

"இல்லண்ணா. நான் போன்லயே சொல்லிக்கிறேன்."

நேரடியாக, எழுதிய வழியைப் பின்னாலிருந்து முன்னாலாகச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கு இடம் வலம் குழம்பிவிட்டது. 'எதிரே' என்று எழுதியது இப்போது பின்னால். 'இடது சந்து' இப்போது வலது. அந்தப் பக்கம் பத்துப் பேர் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். சும்மா உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல முடியாது, நடந்தால்தான் முடியும் என்று தெரிந்தது. கடையில் சுற்றி வரக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது முதலாளியின் மேசை.

ஸ்டேப்ளரை ஒரு மூலையில் வைத்தேன், அது சிலை. ஃபிளாஸ்க், அரங்கத்துக்கு எதிரே இருக்கும் கண்ணாடிச் சுவர் மியூசியம். டேப், அரங்கத்தின் மாட்டுத் தலை செதுக்கிய வாசல்.

"என்ன செய்யிறீர்?" என்று அவர் எழுந்தார்.

"எந்திரிக்காதீங்கண்ணா. நீங்கதான் அரங்கம்."

"நான் என்ன?"

"ரெண்டாயிரம் வருசமா அசையாம இருக்குற அரங்கம். ப்ளீஸ்."

உட்கார்ந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவரை வலக்கைப் பக்கம் வைத்து, அடிமேல் அடி வைத்துச் சுற்றினேன். "இப்ப மாட்டுத் தலை தெரியுதா? அப்படியே வாங்க..." அவரும் சுழல் நாற்காலியில் என் பின்னாலேயே திரும்பிக்கொண்டு வந்தார். அரங்கம் திரும்பக் கூடாது என்று கையால் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து, சென்னைக்கு டிக்கெட் விசாரிக்க ஒருவர் கதவைத் திறந்தார். ஒரு பெண் எதையோ ஓதிக்கொண்டு முதலாளியை வலம் வருவதைப் பார்த்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று சிரித்தால் சிலை எங்கே என்று மறந்துவிடும்.

ஒரு சுற்று முடிந்தது. மூச்சு வந்தது.

"தங்கச்சி, ஒரு சுற்றோடை விடேலாது" என்றார் தவம் அண்ணன். "மூண்டு."

மூன்றும் சுற்றினோம், அவர்கள் நீமில், நான் கடையில். பிறகு தூண்கள் நிற்கும் ரோமக் கோயிலையும், ஊற்று பொங்கும் பூங்காவையும் அப்படியே போனில் கூட்டிப்போனேன். ஊற்றுத் தண்ணீரைப் புவனா அக்கா எல்லார் தலையிலும் தெளித்த சத்தம் கேட்டது.

4. ஒரே ஒரு முறைப்பாடு

சாயங்காலம் ரயிலில் இருந்து தவம் அண்ணன் முதலாளியின் போனுக்கே கூப்பிட்டார். சிவபாலன் அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கரைப் போட்டார்.

"சிவபாலன், ஒரு முறைப்பாடு இருக்கு."

முறைப்பாடு என்றால் புகார். போச்சு என்று நினைத்தேன். மதுரை ரயில் நிலையமே கண்முன் வந்துவிட்டது.

"அந்தப் பிள்ளை காலமையிலை இருந்து தொண்டை கட்டக் கட்டக் கதைச்சது. நடுவிலை ஒருக்காக்கூட தண்ணி குடிக்கிற சத்தம் கேக்கேல்லை. நீங்கள் என்ன முதலாளி? ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுக்க ஏலாதோ?"

சிவபாலன் அண்ணன் போனை வைத்தார். எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதை என் முன் வைத்து, மேசை இழுப்பறையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "குடியும், ஆறுது" என்றார். அழுதுகொண்டே குடித்தேன்.

அடுத்த வாரமே எல்லாவற்றையும் வலமாக மாற்றிப் பதிவுசெய்தேன். பிறகு வந்த ஆர்ல், அவிஞ்ஞோன் நகரங்களும் வலம்தான். ஏன் உங்கள் நடைகளில் எல்லாக் கட்டடமும் வலப்பக்கமே வருகிறது என்று, நம் ஆள் ஒருவரோடு நடந்த ஒரு பிரெஞ்சு அம்மா கேட்டார். நிழலுக்காக என்று சொல்லிவைத்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மேப் போடுவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். மேப் போடுவதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு முன், நடக்கப்போகிறவர்கள் எப்படி நடப்பார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதற்கு என் முதலாளியை மூன்று முறை வலம் வர வேண்டியிருந்தது. எல்லா முதலாளியும் வரம் கொடுக்க மாட்டார்கள்.