சகலையின் அம்பாசிடர்

திண்டுக்கல்லிலிருந்து சேவுகம்பட்டிக்குத் தனியார் பஸ் ஓட்டுகிற ஆனந்த்ராஜ், ரோட்டில் யார் முந்தினாலும் கண்டுகொள்ள மாட்டார். வீட்டில் யாராவது முந்தினால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. மாமனார் இஞ்ஞாசி தன்னுடைய பழைய அம்பாசிடரை இளைய மருமகன் பவுல்ராஜுக்குக் கொடுத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அறுபதுகளில் வாங்கிய கார் அது. மாமனாருக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் ஆனந்த்ராஜ்தான் அதற்கு டிரைவர். ஞானஸ்நானமா, திருவிழாவா, பிரசவ ஆஸ்பத்திரியா, ஸ்டியரிங்கில் அவர் இருப்பார். பிறகு கார் படுத்துவிட்டது. பின் சீட்டில் கோழி முட்டையிடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து பவுல்ராஜ் போய், நான் சரி பண்ணிக்கிறேன் மாமா என்று கேட்டுவிட்டார். கேட்க வேண்டும் என்று ஆனந்த்ராஜுக்குத் தோன்றவே இல்லை. ஏற்கெனவே தன்னுடையதாக இருப்பதை யார் போய்க் கேட்பார்கள்?

மூத்த மருமகன் முகம் தொங்கியதைப் பார்த்துக் கிழவர் சமாதானம் சொன்னார். "உனக்குத்தான் அம்புட்டுப் பெரிய பஸ்ஸே இருக்கே மாப்ள."

பஸ் முதலாளி இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

பவுல்ராஜுக்கு மேட்டுப்பட்டியில் தோல் பை தைக்கிற பட்டறை. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டுக் காரை உள்ளே ஏற்றினார். மகள் ஜெஸ்ஸியைக் கல்யாணத்தன்று இந்தக் காரில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று முடிவு. கார்புரேட்டரை இட்லிச் சட்டியில் வேகவைத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் கொஞ்ச நாள் தோசைதான். துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார்கள். சீட்டுக்குத் தோல் வெட்டி அவரே தைத்தார். எலக்ட்ரீசியன் நூர் அகமது புது ஒயர் இழுத்து முன்விளக்கை எரியவிட்ட சாயங்காலம் தெருவே வந்து நின்று பார்த்தது. ஆனந்த்ராஜும் பார்த்தார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு கொட்டகைக்கு வந்துவிடுவார். பின் சீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டே குறை சொல்வார். பெயின்ட் வெளுப்பு. கதவு இழுக்கிறது. தையல் கோணல். தையல் கோணல் இல்லை என்பதுதான் அவருக்கு வலி. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, டிரைவர் சீட்டில் யார் உட்காரப்போவது என்று ஜாடையாகக் கேட்டார். பெத்தவன் நானே ஓட்டுறேன் சகல என்று பவுல்ராஜ் சிரித்தார். ஆனந்த்ராஜ் கடித்த எலும்புகளைப் புது சீட்டுக்கு அடியில் ஆழமாகத் தள்ளிவிட்டார். நாறட்டும்.

நாறியிருந்தால் பரவாயில்லை. எலி வந்துவிட்டது.

கல்யாணத்தன்று காலை, மாலை கட்டிய காருக்குள் ஜெஸ்ஸி பட்டுச்சேலையில் ஏறி உட்கார்ந்தாள். பவுல்ராஜ் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. பானெட்டைத் தூக்கினால், புது ஒயரெல்லாம் சேமியா மாதிரி உதிர்ந்து கிடந்தது. நடுவில் நன்றாகச் சுரண்டிய ஓர் எலும்பு.

பவுல்ராஜ் அதை எடுத்துப் பார்த்தார். "பிரியாணிக் கடையிலருந்து இது நடந்தே வந்துருச்சா சகல?"

ஆனந்த்ராஜ் வானத்தைப் பார்த்தார். வேறு கார் பிடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். இத்தனை நாளாக அவர் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனால் ஜெஸ்ஸி கண்ணாடியை இறக்கி, "பெரியப்பா, இதுலதான் போவேன்" என்றாள். கண்ணில் இட்ட மை கலங்கத் தொடங்கியிருந்தது.

அவர் சட்டைக் கையை மடக்கினார். பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயரைக் கொடுத்தார். எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் கம்பி டிக்கியில் கிடந்தது, அதை எடுத்து முன்னால் மாட்டினார். பவுல்ராஜ் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்து கம்பியைப் பிடித்தார்.

"நீங்க உக்காந்து ஓட்டுங்க சகல. நான் சுத்துறேன்."

ஆனந்த்ராஜ் அந்தச் சீட்டைப் பார்த்தார். கதவு திறந்தே இருந்தது. பிறகு கம்பியைப் பிடித்திருந்த பவுல்ராஜின் கையைப் பார்த்தார். கட்டைவிரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார், தெரியாதவன் பிடிக்கிற மாதிரி. எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்தக் கையால்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் மகளைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"விடுப்பா. கை போயிரும். போய் உக்காரு."

சுற்றினார். இரண்டு முறை இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. வழியில் ரயில்வே கேட் பக்கம் நின்றது, சந்தைக்கு முன்னால் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் பட்டு வேட்டியோடு இறங்கிச் சுற்றினார். ஹாரனும் செத்திருந்ததால் ஜன்னல் வழியே கையை விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே, "ஓரம், ஓரம், பொண்ணு போகுது" என்று கோயில் வாசல் வரை கத்திக்கொண்டு வந்தார். கல்யாண ஆல்பத்தில் ஸ்டியரிங் பிடித்துச் சிரிக்கிறவர் பவுல்ராஜ். காருக்கு முன்னால் குனிந்த ஒரு முதுகு மட்டும் தெரியும். அது யார் முதுகு என்று ஆல்பம் பார்க்கிற எல்லாருக்கும் ஆனந்த்ராஜ் சொல்லிவிடுவார்.

நூர் அகமது மறுபடி ஒயர் இழுத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறும் ஆனந்த்ராஜ் பொட்டலத்தோடு வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்து, ஹாரன் சத்தம் கழுதை கத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். தின்று முடித்து எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையில் மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.